எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, வலி மட்டும் ஏன் போகவில்லை?

பெயர் வேண்டாம் என்ற வேண்டுகோளோடு ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 37. இரண்டு வருடமாக ஷூ போட்டு வாரத்துக்கு 15 கிலோமீட்டர் வரை ஓடிவந்தவர். முழங்கால் சில்லுக்குப் பின்னால் வலி வந்து, மாடிப்படி இறங்கும்போதெல்லாம் உறுத்த ஆரம்பித்திருக்கிறது. வெறுங்காலில் ஓடினால் மூட்டுவலி போய்விடும் என்று வீடியோக்களில் சொன்னதைக் கேட்டு, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டார்.

தினமும் ஓடியதை ஒரு நோட்டில் குறித்து, அந்தப் பக்கங்களைப் படமெடுத்தும் அனுப்பியிருக்கிறார். முதல் வாரம் புல்தரையில் 200 மீட்டர்: "பாதம் கூசுது, ஆனா சின்னப் பிள்ளையான மாதிரி சந்தோஷம்." இரண்டாம் வாரம் சிமெண்ட் பாதையில் 600 மீட்டர்: "கெண்டைக்கால் கல்லு மாதிரி. படி இறங்க முடியல." மூன்றாம் வாரம் 1.5 கிலோமீட்டர். வலது பெருவிரலின் அடியில் நாணயம் அளவுக்குக் கொப்புளம், ஐந்து நாள் ஓய்வு. நான்காம் வாரம் ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை வைத்த மெல்லிய ஷூ வாங்கியிருக்கிறார். முதல் நாளே 2 கிலோமீட்டர்: "கொப்புளத் தொல்லை இல்லை!" ஐந்தாம் வாரம் 3.5. ஆறாம் வாரம் தார்ச்சாலையில் 5 கிலோமீட்டர். அந்தப் பக்கத்தில் ஒரே வரிதான்: "இன்னைக்குப் பறந்தேன்."

மூன்று நாள் கழித்து வலது பாதத்தின் மேற்புறத்தில் வலி தொடங்கியது. முதலில் ஓடி முடித்த பிறகு வலித்தது, பிறகு ஓடும்போதே வலித்தது, இப்போது நடந்தாலும் வலிக்கிறது. நான்காம் நாள் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு முறை 2 கிலோமீட்டர் ஓடியும் பார்த்திருக்கிறார். இன்றோடு 12 நாள்.

இது பழகும் வலிதான், பொறுத்துக்கொண்டு ஓடு என்கிறார் தோழி, ஓடலாமா? ஒன்பது வாரத்தில் ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தாயிற்று, போகலாமா? எனக்குத் தட்டைப் பாதம், வெறுங்காலில் ஓடினால் வளைவு வருமா? குதிகால் தரையில் படவே கூடாது என்கிறார்களே, சரியா? 44 வயது அண்ணனுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை, அவரும் என்னோடு வெறுங்காலில் ஓட வருகிறேன் என்கிறார், கூட்டிப் போகலாமா? இவைதான் கேள்விகள். கடைசியில் பின்குறிப்பாக ஒரு வரி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அன்புள்ள வாசகிக்கு,

இந்தப் பதிலை முழுவதும் படிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஓட்டத்தை இன்றோடு நிறுத்துங்கள். வலி மாத்திரையையும் ஓடுவதற்காகப் போடுவதை நிறுத்துங்கள். கால் சொல்ல வந்ததை மாத்திரை சொல்லவிடாமல் செய்கிறது, அவ்வளவுதான். அடி கெட்டியாக, எளிதில் வளையாத ஒரு ஷூவைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள்ளும் அதிலேயே நடங்கள். வெறுங்கால் பிரியருக்கு இது தண்டனை மாதிரி இருக்கும் என்று தெரியும்.

ஒரு விரலால் தொட்டுக் காட்டும் வலி

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வாக்கியம் இது: "இரண்டாவது விரலுக்கு நேர் மேலே, பாதத்தின் நடுவில், ஒரு விரல் வைத்துக் காட்டிவிடலாம், அந்த இடத்தை அழுத்தினால் உயிர் போகிறது."

தசை பழகும்போது வரும் வலிக்கு இப்படி முகவரி இருக்காது. இரண்டாம் வாரம் உங்கள் கெண்டைக்கால் வலித்ததே, அதுதான் பழகும் வலி. இரண்டு காலிலும் இருந்தது, சதை முழுக்கப் பரவியிருந்தது, இரண்டு மூன்று நாளில் தானாகக் குறைந்தது. இப்போதைய வலி ஒரு காலில் மட்டும், எலும்பின் மேல், ஒரே புள்ளியில், நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே இருக்கிறது. தோழி சொன்னதில் பாசம் இருக்கிறது, ஆனால் அவர் மனதில் வைத்துச் சொன்னது அந்தப் பழைய வலியை.

கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. விரல்களை மேலே தூக்கும் தசைநாண் உரசியிருக்கலாம். ஷூவின் பட்டை அழுத்தியிருக்கலாம். ஆனால் உங்கள் நோட்டையும் இந்த வாக்கியத்தையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டாவது பாத எலும்பில் மயிரிழைக் கீறல் விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பாதத்தின் நீள எலும்புகள் ஐந்தில் இரண்டாவதுதான் பெரும்பாலும் நீளமானது. அதன் அடிப்பகுதி பக்கத்து எலும்புகளுக்கு நடுவில் ஆப்பு மாதிரி இறுகி இருப்பதால் அதிகம் அசையவும் வழியில்லை. முன்பாதத்தில் பாரம் ஏறும்போது மற்றவை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், இது நின்று வாங்கும்.

எக்ஸ்ரே சரியாக இருந்ததே என்பீர்கள். இந்தக் கீறல் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குப் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. எலும்பு தன்னைத்தானே ஒட்டவைக்கத் தொடங்கி, அந்த இடத்தில் புது எலும்பு திரண்ட பிறகுதான் படத்தில் புகை மாதிரி ஒரு தடிப்பு தெரியும். சிலருக்குக் கடைசிவரை தெரிவதே இல்லை. நான்காம் நாள் எடுத்த படம் சுத்தமாக இருந்ததில் வியப்பில்லை. உங்களுக்குக் கற்பனை வலியும் இல்லை, அந்த மருத்துவர் தவறாகப் படித்துவிட்டார் என்றும் அர்த்தமில்லை. 1855-இல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் ஒருவர், நீண்ட அணிவகுப்புக்குப் பிறகு சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பற்றி எழுதினார். அதற்கு 40 வருடம் கழித்துத்தான் எக்ஸ்ரே என்ற ஒன்றே கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை கண்ணையும் கையையும் வைத்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். இன்றும் நல்ல மருத்துவர் ஒருவரின் கட்டைவிரல் இந்த விஷயத்தில் முதல் எக்ஸ்ரேயைவிட நம்பகமானது.

நீங்கள் செய்ய வேண்டியது, எலும்பு மருத்துவர் அல்லது விளையாட்டு மருத்துவரிடம் போய், "ஆறு வாரத்தில் 200 மீட்டரிலிருந்து 5 கிலோமீட்டருக்குப் போனேன்" என்ற தகவலைச் சொல்வது. "கால் வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் உங்களுக்கு மறுபடியும் மாத்திரைதான் கிடைக்கும். எம்ஆர்ஐ எடுத்தால் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். எம்ஆர்ஐ வசதிப்படாவிட்டால், கீறல் இருப்பதாகவே வைத்துக்கொண்டு ஓய்வு எடுத்து, மூன்று வாரம் கழித்து எக்ஸ்ரேயைத் திரும்ப எடுப்பதும் ஏற்கத்தக்க வழிதான். ஒரு விலக்கு உண்டு. அழுத்தினால் வலிக்கும் இடம் கணுக்காலுக்குச் சற்று முன்னால் பாதத்தின் மேட்டிலோ, சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் அடியிலோ இருந்தால் காத்திருந்து பார்க்க வேண்டாம். அந்த இடங்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, எலும்பு ஒட்டாமலே போகக்கூடும்.

தானாக ஒன்று, இரண்டு, மூன்று முறை குதித்துச் சோதித்துப் பார்க்கும் வீடியோக்களும் இருக்கின்றன. தயவு செய்து வேண்டாம்.

நோட்டில் நான்காம் வாரம்

உங்கள் நோட்டை நான் ரசித்துப் படித்தேன். இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதுவதில்லை. அதில் தவறு எங்கே நடந்தது என்பதும் நன்றாகவே தெரிகிறது. ஆறாம் வாரத்தின் 5 கிலோமீட்டரில் இல்லை, நான்காம் வாரத்தின் அந்த ஆச்சரியக்குறியில் இருக்கிறது: "கொப்புளத் தொல்லை இல்லை!"

வெறுங்காலில் ஓடத் தொடங்கும்போது உடம்பின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு வேகத்தில் புகார் சொல்லும். தோல் அன்றே சொல்லிவிடும். தசை மறுநாள் காலையில் சொல்லும். குதிகாலுக்கு மேலிருக்கும் தடித்த தசைநாண் பல வாரம் கழித்து, காலையில் எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போது முணுமுணுக்கும். எலும்பு கடைசியாகத்தான் வாய் திறக்கும். திறக்கும்போது ஏற்கெனவே தாமதமாகியிருக்கும்.

எலும்பு ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டால், அது பலப்படும் விதம் அப்படி. புதுப் பாரம் வந்ததும், எலும்பு முதலில் தன்னில் பழுதான பகுதியை அரித்து எடுக்கிறது. அதற்குச் சுமார் மூன்று வாரம் ஆகும். பிறகு அந்தப் பள்ளத்தில் புது எலும்பை நிரப்பிக் கெட்டிப்படுத்துகிறது. அதற்கு மூன்று மாதத்துக்குமேல் ஆகும். வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்த பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவது போல. கொத்தி முடித்து இன்னும் பூசாத நாட்களில் சுவர் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். உங்கள் நான்காம், ஐந்தாம், ஆறாம் வாரங்கள் அந்த நாட்கள். மூச்சு பழகிவிட்டது, தசை பழகிவிட்டது, உற்சாகம் உச்சத்தில் இருக்கிறது, பாத எலும்பு மட்டும் கொத்திப்போட்ட சுவராக நிற்கிறது.

அந்தக் கொப்புளம்தான் உங்களைக் காப்பாற்ற வந்தது. வெறும் பாதத்தோடு ஓடியிருந்தால் தோலே உங்களை வாரத்துக்கு வாரம் நிறுத்தியிருக்கும். 5 கிலோமீட்டரை ஆறு வாரத்தில் தொட்டிருக்கவே முடியாது. மெல்லிய ஷூ தோலின் வாயை அடைத்தது, எலும்புக்கு எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. வெறுங்காலுக்கும் ஷூவுக்கும் நடுவில் பாதுகாப்பான இடைப்படி என்று பலரும் இதை நினைக்கிறார்கள். தொடக்கக்காரருக்கு மூன்றிலும் ஆபத்தானது இதுதான் என்பது என் கருத்து. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அனுபவமுள்ள ஓட்டக்காரர்கள் 36 பேரை எடுத்து, ஒரு பாதியினரை 10 வாரத்தில் இதே வகை விரல் ஷூவுக்குப் படிப்படியாக மாற்றினார்கள். அப்படி மாறிய 19 பேரில் 10 பேருக்கு, எம்ஆர்ஐயில் பாத எலும்புகளுக்குள் நீர்கோத்த வீக்கம் கூடியிருந்தது. கீறலுக்கு முந்திய கட்டம் அது. 

சின்ன வயதில் செருப்பில்லாமலே ஓடித்திரிந்தவள், என் காலுக்கு இது புதிதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பாதம் அகலமாக, விரல்கள் விரிந்து அமைந்திருக்க அந்த வருடங்கள் உதவியிருக்கலாம். ஆனால் எலும்பு பழைய வரவில் வாழாது. கடந்த சில மாதங்களில் தன் மேல் ஏறிய பாரத்துக்கு ஏற்பத்தான் அது கெட்டியாகும். இருபது வருடம் ஷூவுக்குள் இருந்த பாதம் இந்தக் கணக்கில் புதுப் பாதம்தான்.

குதிகால் தரையைத் தொடலாம்

"முன்பாதத்தில் மட்டும் ஓடு, குதிகால் தரையில் படவே கூடாது" என்று யாரோ சொன்னதை ஆறு வாரமும் கடைப்பிடித்திருக்கிறீர்கள். உங்கள் கெண்டைக்கால் கல்லானதற்கும், அந்தப் பாத எலும்பு மாட்டிக்கொண்டதற்கும் இதிலும் பங்கு இருக்கிறது.

வெறுங்காலில் நன்றாக ஓடுபவர்களிடம் பொதுவாகப் பார்ப்பது இது: முன்பாதத்தின் வெளி ஓரம் முதலில் தரையைத் தொடும், உடனே குதிகாலும் மெல்ல இறங்கித் தரையில் உட்காரும், பிறகு எழும். குதிகாலை அந்தரத்தில் நிறுத்தி ஓடினால் முழு எடையையும் கெண்டைச் சதையும் முன்பாதமும் மட்டுமே தாங்க வேண்டும். குதிகால் உயர்ந்த செருப்பில் ஓடுவதுபோல, செருப்பு மட்டும் இல்லை.

நானும் இந்தத் தவறைச் செய்தவன். வருடங்களுக்கு முன்னால், நோயாளிகளுக்குச் சொல்வதற்கு முன் நாமே செய்து பார்ப்போம் என்று ஒரு நாள் குதிகாலைத் தூக்கியபடி 3 கிலோமீட்டர் ஓடினேன். மறுநாள் காலை மாடிப்படியில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் இறங்க முடிந்தது. மருத்துவர் என்பதால் சதைக்கு ஒன்றும் சலுகை கிடைக்கவில்லை.

வீடியோக்கள் இயற்கை, இயற்கை என்கின்றன. 2010-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மேன் குழு, வெறுங்காலிலேயே ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள் என்றும், குதிகாலில் இறங்கும்போது வரும் திடீர் அதிர்ச்சி அவர்களுக்கு இல்லை என்றும் காட்டியது. வீடியோக்கள் இதோடு நின்றுவிடுகின்றன. 2013-இல் வட கென்யாவில் வெறுங்காலிலேயே வாழும் தாசனச் மக்களை ஆராய்ந்தபோது, தங்களுக்கு வசதியான வேகத்தில் ஓடிய பெரும்பாலானவர்கள் குதிகாலில்தான் இறங்கினார்கள். வேகம் கூடியபோது முன்பாதத்துக்கு மாறியவர்கள் அதிகமானார்கள். ஆக, மனிதப் பாதத்துக்கென்று ஒரே ஓட்டமுறையை எழுதி வைக்கவில்லை.

அந்தக் கொப்புளம் இருந்த இடமும் ஒன்று சொல்கிறது. பெருவிரலின் அடியில் கொப்புளம் வந்தால், தரையைப் பின்னால் உதைத்துத் தள்ளுகிறீர்கள், அல்லது எழும்போது பாதம் திருகுகிறது என்று பொருள். பாதத்தை உதைத்து எடுக்காமல், சூடான தரையிலிருந்து எடுப்பதுபோல மேலே தூக்க வேண்டும். அடுத்த முறை கொப்புளம் வந்தால் ஊக்கால் குத்தாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலியும் தட்டைப் பாதமும்

வெறுங்கால் ஓட்டத்தில் முழங்கால் சில்லின் மேல் விழும் அழுத்தம் குறைகிறது என்பது உண்மை. உங்கள் முழங்கால் வலி குறைந்ததாக எழுதியிருக்கிறீர்கள், அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் குறைந்த பாரம் காற்றில் போகவில்லை. கெண்டைச் சதைக்கும் குதிகால் தசைநாணுக்கும் முன்பாதத்துக்கும் இடம் மாறியிருக்கிறது. முழங்காலின் கடனைப் பாதம் அடைத்திருக்கிறது.

இதே நிவாரணத்தில் பெரும்பகுதியை ஷூவைக் கழற்றாமலே பெறலாம் என்பதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. நிமிடத்துக்கு 156 காலடி வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேகத்தைக் கூட்டாமல், காலடியின் நீளத்தை மட்டும் குறைத்து, அந்த எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்காலின் பாரம் கணிசமாகக் குறையும். உங்கள் கணக்கில் 164-லிருந்து 171. எல்லோரும் 180-ஐத் தொட வேண்டும் என்பது வெறும் வாய்ப்பாடு, அதைத் துரத்த வேண்டாம். இதோடு இடுப்புக்கும் முன்தொடைக்கும் பலம் தரும் பயிற்சிகளை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கேட்டு வாரத்துக்கு மூன்று நாள் செய்தால், சில்லு வலிக்கு வெறுங்காலைவிட நிச்சயமான வைத்தியம் அது.

தட்டைப் பாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. உட்காரும்போது வளைவு தெரிந்து, நிற்கும்போது மறைகிறது, வலியும் இல்லை என்றால் அது குறை அல்ல, உங்கள் பாதத்தின் அமைப்பு. வெறுங்காலில் நடந்தால் பாதத்தின் சிறு தசைகள் பலப்படும். வளைவு எழுந்து நிற்கும் என்று எதிர்பார்த்து ஓட வேண்டாம்.

எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபேபே பிகிலாவைக் குறிப்பிட்டிருந்தீர்கள். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் அவர் வெறுங்காலில் 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். கிடைத்த ஷூ காலுக்குச் சரியாக அமையவில்லை, வெறுங்காலில் ஏற்கெனவே பழகியிருந்தார். 1964 டோக்கியோவில் அதே பிகிலா ஷூ போட்டு 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் ஓடி மறுபடியும் தங்கம் வென்றார். அவருக்கு இதில் கொள்கை ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. நமக்குத்தான் இருக்கிறது.

பின்குறிப்பாக எழுதிய வரி

"பி.கு: ஆறு மாதத்தில் 8 கிலோ குறைத்துவிட்டேன், இரவில் சாப்பிடுவதில்லை. மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை, ஓட்டத்துக்கு உடம்பு பழகுகிறது என்று நினைக்கிறேன்."

இந்த வரி கடிதத்தின் முதல் பத்தியில் வந்திருக்க வேண்டும். உடற்பயிற்சிக்குப் பழகிய உடம்பில் மாதவிலக்கு நிற்காது. கர்ப்பமா என்று முதலில் பார்த்துவிடுங்கள். தைராய்டு, மற்ற ஹார்மோன் காரணங்களையும் மகப்பேறு மருத்துவர் பார்ப்பார். அவை இல்லையென்றால், நீங்கள் செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடவில்லை என்று உடம்பு முடிவு செய்து, உடனடித் தேவையில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது என்று பொருள். மாதவிலக்கு அதில் ஒன்று. எலும்பைப் புதுப்பிப்பதும் அதில் ஒன்று. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு அரிப்பது தொடரும், நிரப்புவது தாமதமாகும். கொத்தி வைத்த சுவருக்குச் சிமெண்ட் வரவில்லை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இந்த நிலைக்கென்று தனிப் பெயரே வைத்தது. சாம்பியன்களுக்கு மட்டும் வருவதல்ல இது, வாரத்துக்கு 15 கிலோமீட்டர் ஓடுபவர்களுக்கும் வரும்.

ஆகவே எம்ஆர்ஐயோடு சேர்த்து வைட்டமின் டி, ஹீமோகுளோபின் அளவு, தைராய்டு பரிசோதனைகளையும் கேளுங்கள். இரவு உணவை இன்றே திரும்பத் தொடங்குங்கள். கீறல் இருந்தால், பட்டினியோடு அது ஆறுவதற்கு நாள் கூடும். ஆறினாலும் அடுத்த எலும்பில் வரும்.

மறுபடி எப்போது, எப்படி

ஒன்பது வாரத்தில் வரும் 10 கிலோமீட்டரை விட்டுவிடுங்கள். கீறல் என்று உறுதியானால், இரண்டாவது பாத எலும்புக்குப் பொதுவாக ஆறிலிருந்து எட்டு வாரம் ஓய்வு வேண்டும். ஓய்வு முடிந்த நாளில் எலும்பு ஒட்டியிருக்கும், 10 கிலோமீட்டருக்குத் தயாராக இருக்காது. கீறல் இல்லை என்று தெளிவாகிவிட்டால் நடந்து முடிக்கலாமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். நீச்சலும், மிதிக்கும்போது வலிக்காவிட்டால் சைக்கிளும், இந்த வாரங்களில் மூச்சைப் பார்த்துக்கொள்ளும்.

பிறகு திரும்பி வரும்போது வரிசை இப்படி இருக்கட்டும். விரலால் அழுத்தினால் வலிக்காமல், ஷூவோடு 30 நிமிடம் வலியின்றி நடக்க முடிந்தால், ஷூவோடு ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடக்கும் பயிற்சி. அது நாலைந்து வாரத்தில் தொடர்ச்சியாக 20 நிமிட ஓட்டமாகட்டும். இதற்கிடையில் ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி. இரண்டு காலிலும் தனித்தனியே 25 முறை, கடைசி முறையும் முதல் முறை அளவுக்கு உயர்ந்தால்தான் அடுத்த கட்டம். பெரும்பாலானவர்கள் 12-லேயே நடுங்கிப்போவார்கள்.

அடுத்தது வெறுங்கால் நடை. 10 நிமிடத்தில் தொடங்கி 30 நிமிடம் வரை. அது சில வாரம் சிரமமில்லாமல் போன பிறகே வெறுங்கால் ஓட்டம். ஷூ ஓட்டத்துக்கு முன்னால், கால் களைக்காதபோது, 100 மீட்டர் இரண்டு முறை. வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம், அடுத்தடுத்த நாளும் வேண்டாம். வாரத்துக்கு 200 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். நான்காம் வாரம் தோறும் பாதியாகக் குறைத்துவிடுங்கள், அந்த வாரம்தான் சுவர் பூசும் வாரம். இந்தக் கணக்கில் 5 கிலோமீட்டருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். உங்களுக்கு அவசரம் என்ன?

விரல் ஷூவை அலமாரியில் பூட்டி வையுங்கள். தோல் போதும் என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். புல்தரை மெத்தென்று இருப்பதால் அங்கேதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறோம். புல்லுக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாது, பாதம் தொப்பென்று விழுந்தாலும் புல் காட்டிக்கொடுக்காது. வழவழப்பான கெட்டித் தரையில் சில நூறு மீட்டர் ஓடினால் தப்பான காலடி உடனே தெரியும். உச்சிவெயிலில் தார்ச்சாலை பக்கமே போக வேண்டாம், பாதம் வெந்துவிடும். மனிதக் கழிவு கலக்கும் ஈரமண்ணிலும் ஓட வேண்டாம், கொக்கிப்புழு பாதத் தோல் வழியாகவே உள்ளே போகும். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

நோட்டைத் தொடர்ந்து எழுதுங்கள், ஆனால் பத்தியை மாற்றுங்கள். தூரத்தைச் சின்ன எழுத்தில் ஓரமாக எழுதலாம். நடுவில் எழுத வேண்டியது, மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கி வைத்த முதல் பத்து அடி எப்படி இருந்தது என்பது. இரண்டு காலும் ஒரே மாதிரி இருந்தால் நேற்றைய அளவு சரி. ஒரு கால் மட்டும் தனியாக ஏதாவது சொன்னால் அன்று ஓட்டம் கிடையாது. தூரம் கூடாத வாரத்திலும் இந்தப் பத்தி நன்றாக இருந்தால் அதுதான் முன்னேற்றம்.

அண்ணனைப் பற்றி

வேண்டாம். எட்டு வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கலாம், அவருக்கே தெரியாமல். வெறுங்கால் ஓட்டத்தின் பாதுகாப்பு முழுவதும் வலி உடனே தெரிவதில்தான் இருக்கிறது. அது தெரியாத பாதத்தில் கொப்புளம் புண்ணாகி, புண் ஆழமாகி, விரலையே எடுக்கும் நிலைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது, சில நிமிட வேலை. வருடம் ஒரு முறை அதைச் செய்துகொள்ளச் சொல்லுங்கள். ரிசல்ட் நன்றாக வந்தாலும் வெறுங்காலில் ஓட நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆனால் அவர் உங்களோடு வருகிறேன் என்றது நல்ல செய்தி. காலுக்குப் பொருத்தமான ஷூ வாங்கிக் கொடுத்து, போடும் முன் உள்ளே கையை விட்டுக் கல் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கவும் பழக்குங்கள். உங்களுக்கு நடக்க மருத்துவர் அனுமதி கொடுக்கும் நாளிலிருந்து நீங்களும் சில வாரம் ஷூவோடு நடக்க வேண்டியவர்தான். சேர்ந்தே நடக்கலாம்.